பட்டு செக்‌ஷன் 'இல்லை' என்று சொன்னதில்லை

தியாகராய நகருக்குப் புடவை எடுக்க வந்து வெறுங்கையோடு திரும்பிய பெண் யாராவது இருந்தால், அவர் எங்கள் 'பட்டு செக்‌ஷன்' லீவில் இருந்த நாளில் வந்திருப்பார். வேறு காரணம் இருக்கவே முடியாது.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் எதிர் ஃபிளாட்காரர் அவர். அவர் பெயர் தபால்காரருக்குத் தெரியும். எங்களுக்கு அவர் பட்டு செக்‌ஷன்தான். ஒரு பெரிய ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில் முப்பது வருடமாகப் புடவை விரிக்கிறவர். 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது, கஸ்டமர் எழுந்திருப்பதற்குள் அடுத்ததை விரித்துவிட வேண்டும் என்பது அவருடைய தொழில் சுத்தம்.

அதைக் கடையோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. மனிதர் வீட்டிலும் அப்படித்தான்.

ஒருமுறை ஸ்க்ரூடிரைவர் கேட்டுப் போனேன். அவரிடம் அது கிடையாது. சொல்லித் தொலைக்கலாம் இல்லையா? "உக்காருங்க சார்" என்றார். முதலில் கத்தி வந்தது. பிறகு இடுக்கி. "இது புது ஐட்டம், சும்மா பாருங்க" என்று ஒரு நகவெட்டி. அரை மணி நேரம் கழித்து டார்ச் லைட்டோடு வீடு திரும்பினேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

இன்னொரு நாள் அவருடைய மனைவி கோபித்துக்கொண்டு பெரம்பூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பையைத் தூக்கினார். இவர் பதறவில்லை. "காபி போடவா? பீச்சுக்குப் போலாமா? உங்க அம்மாவ இங்க கூட்டினு வரவா?" என்று ஒவ்வொன்றாக விரித்தார். ஐந்தாவதில் அவர் மனைவி பையைக் கீழே வைத்துவிட்டார். "நிம்மதியா கோவப்படக்கூட வுடமாட்டாருங்க" என்று பிறகு என் மனைவியிடம் அலுத்துக்கொண்டார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை. வீட்டில் யார் பேசினாலும் நடுவில் புகுந்து வாக்கியத்தைத் திருத்துகிறவன் நான்.

அவருடைய வித்தை மகள் நிவேதாவிடம்தான் பலிக்கவில்லை. தரமணி கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பெசன்ட் நகரில் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சராகப் போகிறேன் என்றாள். கூடாது என்று அப்பா சொல்லவில்லை. அவருக்குத்தான் அது வராதே. விரிக்க ஆரம்பித்தார். முதல் நாள் பேங்க் பரீட்சை. மறுநாள் எம்.பி.ஏ. அடுத்து பெங்களூர், துபாய். சாப்பிட உட்கார்ந்தால் ஒன்று, எழுந்தால் ஒன்று. பத்தே நாளில் அவள் அப்பாவோடு பேச்சை நிறுத்தினாள். அடையாறில் லேடீஸ் ஹாஸ்டல் பார்த்துவிட்டாள்.

அவள் கிளம்பும் அன்று, "நீங்க சொன்னா கேக்கும் சார்" என்று என்னை இழுத்துப் போனார். நிவேதா பெட்டியோடு அறையிலிருந்து வந்தாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவரே தொடங்கிவிட்டார்.

"மெடிக்கல் கோடிங்னு ஒண்ணு கீதும்மா, சும்மா பாரேன்..."

அவள் நின்றாள். "அப்பா, கடைல ஒருத்தங்க ஒரு புடவைய எடுத்து மடில வெச்சுக்கினா, அதுக்கு மேல இன்னொண்ணு விரிப்பியா?"

"சேச்சே. விரிக்கவே கூடாது. மனசு கொழம்பிடும். புதுசா வர்ற ஆளுங்களுக்கு மொதல்ல அதத்தான் சொல்லிக் குடுப்பேன்."

கடைக் குரலில் படபடவென்று சொன்னவர், சட்டென்று நிறுத்தினார்.

"நான் எடுத்து வெச்சு ஒரு மாசம் ஆவுதுப்பா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என்னிடம்தான் பேசினார்.

"யார் யாரோ எடுத்த புடவைக்கெல்லாம் 'உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா'ன்னு சொல்லி அனுப்பறேன் சார். சிலது சகிக்காது. அப்பவும் சொல்லுவேன். எம் பொண்ணு ஆசையா ஒண்ணு எடுத்துக்கினு வந்து நிக்குது. அதுக்கு மட்டும் சொல்லலியே."

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க."

அவர் மகள் பக்கம் திரும்பினார். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தைதான். அன்று அதைக் கடைக் குரலில் சொல்லவில்லை.

"எடுப்பா இருக்கும்மா. உனக்கு."

நிவேதா பெட்டியை மறுபடி அறைக்குள் கொண்டுபோனாள். நான் எழுந்து வந்துவிட்டேன். எதிர் வீடுதான், நாலு அடி தூரம். ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கதவைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.