பன்னிரண்டாவது பல்

செவ்வாய்க்கிழமை காலை லியுபிங்காவின் வாயைத் திறந்து பார்த்த நேவெங்கா டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். மேல் வரிசை முன்பல்லில் ஒரு மூலையைக் காணவில்லை. கையிலிருந்த தாளிலோ அதே பல்லுக்கு நேரே 'நன்றாக உள்ளது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருந்தது. எழுதியவள் நேவெங்காவேதான், ஈஸ்டருக்கு நான்கு நாள் முன்பு.

டிசா ஆற்றங்கரை முதியோர் இல்லத்தில் அவள் நர்ஸாகச் சேர்ந்து ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம். அதற்குள் இயக்குநர் டெசாங்கா அவளிடம் ஒப்படைத்த பெரிய வேலை இது. இருபத்தெட்டுப் பேரின் வாயையும் சோதித்து, ஆளுக்கொரு தாளில் ஒவ்வொரு பல்லாக எழுத வேண்டும். எது ஆடுகிறது, எது சொத்தை, ஈறு வீங்கியிருக்கிறதா, பல்செட் சரியாக உட்காருகிறதா, எல்லாம். வெள்ளிக்கிழமை வரும் பல் டாக்டர் அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் யாருக்கு வைத்தியம் என்று முடிவு செய்வார்.

இதற்கு முன்பிருந்த நர்ஸ் இருபத்தெட்டுத் தாளிலும் 'பற்கள் நன்று' என்று எழுதிவிட்டுப் போனவள். அதில் இரண்டு பேருக்குப் பல்லே கிடையாது. நேவெங்கா அப்படிப்பட்டவள் இல்லை. டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாக இரண்டு வாரம் குனிந்து குனிந்து முதுகு ஒடிய எழுதியிருந்தாள்.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று அடுத்த கட்டில்காரியின் வாயையும் திறக்கச் சொன்னாள். அங்கும் ஒரு மூலை போயிருந்தது. மத்தியானத்துக்குள் பதினொன்று ஆயிற்று. ஏழு பேருக்குச் சொந்தப் பல், நான்கு பேருக்குப் பல்செட். எல்லாமே மேல் வரிசை, எல்லாமே முன்பக்கம். எப்படி உடைந்தது என்று கேட்டால் பதினொரு பேரும் ஜன்னலைப் பார்த்தபடி ரொட்டி கெட்டியாக இருந்தது என்றார்கள்.

தாளில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'கெட்டியான ரொட்டி' என்று எழுதி இயக்குநரிடம் கொண்டுபோனாள். நேர்மைக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நினைத்தாள், பாவம்.

"ஒரு வாரத்துல பதினோரு பல்லா?" என்றார் டெசாங்கா. "ஒண்ணு, நீ முதல்ல பாக்காமலே எழுதியிருக்கணும். இல்லன்னா, இங்க யாரோ இவங்கள அடிக்கிறாங்க. மேலிடத்துலேருந்து சோதனைக்கு வந்தா இதுல எதைச் சொல்லட்டும்?"

நேவெங்கா ரொட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உடனே உத்தரவு பிறந்தது. இனி ரொட்டியைப் பாலில் ஊற வைத்துத்தான் பரிமாற வேண்டும்.

சமையல்காரி யகோடா அந்த அடுப்படியில் முப்பது வருஷமாக ரொட்டி சுடுகிறவள். தன் ரொட்டி பல்லை உடைக்கிறது என்று சமையலறைக் கதவில் ஒட்டிய தாளைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டி வந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஊற வைக்கச் சொன்னார்களா, ஊற வைத்தாள். காலையில் ஊற வைத்தது ராத்திரி வரை ஊறியது. நேவெங்காவோடு பேச்சு வார்த்தை நின்றுபோயிற்று. காப்பியைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைத்தாள்.

கஞ்சியாகிப்போன ரொட்டியை இரண்டு வேளை தின்றதும் லியுபிங்கா வழிக்கு வந்தாள்.

"ரொட்டி இல்ல கண்ணு, முட்டை" என்றாள்.

ஈஸ்டர் ஞாயிறன்று, நேவெங்கா விடுமுறையில் இருந்தபோது, வழக்கம்போல முட்டைப் போட்டி நடந்திருக்கிறது. சாயம் போட்டு அவித்த முட்டைகளைக் கூடையில் வைப்பார்கள். ஆளுக்கொன்று எடுத்து, ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். விரிசல் விட்ட முட்டைக்காரர் தோற்றவர். இல்லத்துக்கு வந்த ஒன்பது வருஷமாக முதல் மோதலிலேயே வெளியேறுகிறவர் ரட்டோமிர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்பது. இந்த வருஷம் அவர் பதினொரு பேரை வரிசையாகச் சாய்த்துவிட்டார்.

ஜெயித்த முட்டை நிஜ முட்டைதானா என்று தன் பல்லில் தட்டிப் பார்க்கத் தோற்றவருக்கு உரிமை உண்டு. சத்தத்திலேயே தெரிந்துவிடும். முதலில் தோற்றவள் லியுபிங்கா. ஆத்திரத்தில் கொஞ்சம் ஓங்கியே தட்டினாள். பல் போயிற்று. முட்டையும் போய்ப் பல்லும் போயிற்று என்று சொன்னால் ஊரே சிரிக்கும். வாயை மூடிப் புன்னகை செய்து, நிஜ முட்டைதான் என்று தலையாட்டிவிட்டாள். அடுத்துத் தோற்றவரும் தட்டினார், புன்னகை செய்தார். இப்படியே பதினொரு பேர், அவரவர் பல் மட்டும்தான் உடைந்தது என்று நினைத்துக்கொண்டு.

நேவெங்கா ரட்டோமிரின் அறைக்குப் போனாள். முட்டை ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தம்ளரில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. கூடையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது என்று அவர் சத்தியம் செய்தார். கனமாகத்தான் இருந்ததாம். கரு பெரிசு போல என்று நினைத்தாராம்.

"நாப்பது வருஷம் டிக்கெட் பாத்தவன்மா நான். டிக்கெட் இல்லன்னு சொந்த மச்சானையே இறக்கி விட்டிருக்கேன். நான் ஏமாத்துவேனா? இந்தா பாரு."

அவள் தடுப்பதற்குள் தன் முன்பல்லில் ஒரு தட்டு தட்டினார். அது பன்னிரண்டாவது பல். உள்ளங்கையில் விழுந்த துண்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தான் எதை வைத்து ஜெயித்தோம் என்று அவருக்கே அப்போதுதான் புரிந்தது. அந்த முகத்தைப் பார்த்த நேவெங்காவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கூடை வந்தது சமையலறையிலிருந்து. ஆகவே யகோடாவிடம் கேட்கப் போனாள்.

"நான் வேக வெக்கறது முட்டை. கல்லு வேணும்னா என் ரொட்டியில தேடிப் பாருங்க" என்று சொல்லி யகோடா கதவைச் சாத்திக்கொண்டாள்.

பன்னிரண்டு தாளிலும் 'காரணம்: முட்டை வடிவக் கல்' என்று திருத்தி எழுதியாயிற்று. அதைப் படித்த இயக்குநர், யாருடைய கல் என்று கேட்டார். ஆளில்லாத கல்லைத் தாளில் ஏற்ற முடியாதாம். வியாழன் சாயங்காலத்துக்குள் ஒரு பெயர் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கட்டத்தில் 'நர்ஸின் கவனக்குறைவு' என்று அவரே எழுதிவிடுவார், நிரந்தர வேலையை மறந்துவிடலாம். நேவெங்கா துணிகள் அடுக்கும் அறைக்குள் போய் அழுதாள். கதவு மெல்லியது. லியுபிங்காவின் காதோ பல்லைவிடப் பலமானது. அரை மணியில் விஷயம் இல்லம் முழுக்கப் பரவிவிட்டது.

வியாழன் மத்தியானம் எல்லாரும் பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது ரட்டோமிர் எழுந்து நின்று, கரண்டியால் தம்ளரைத் தட்டினார்.

"கல்லு என்னோடதுதான். தெரிஞ்சேதான் கொண்டு வந்தேன். ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு ஆசை."

லியுபிங்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நேவெங்கா அவர் பின்னாலேயே அறைக்கு ஓடினாள்.

"ஏன் ஐயா பொய் சொன்னீங்க?"

"எழுதிக்கோம்மா" என்றார் அவர். உடைந்த பல் வழியே காற்றும் சேர்ந்து வந்தது. "எனக்கு இன்னும் எத்தனை ஈஸ்டர் பாக்கி இருக்கு? உனக்கு வேலை வேணும்."

அவள் எழுதினாள். எழுதும்போது நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. நிம்மதிதான் அதிகமாக இருந்தது. அதை நினைத்து இன்னும் வெட்கப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்த டாக்டர் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பாராட்டினார். எந்தப் பல், எவ்வளவு உடைந்தது, எந்தத் தேதியில், எதனால், யாரால் என்று இவ்வளவு தெளிவாக எழுதிய தாளை அவர் பார்த்ததே இல்லையாம். பன்னிரண்டு பேருக்கும் வைத்தியம் முடிந்தது. அவர் பையை மூடுவதற்குள் இயக்குநர் நேவெங்காவின் நிரந்தர நியமனத்தில் முத்திரை குத்தினார். ரட்டோமிரின் வெற்றி பறிக்கப்பட்டு லியுபிங்காவுக்குக் கொடுக்கப்பட்டது. அவர் மூலை மேசையில் சுவரைப் பார்த்துத் தனியாகச் சாப்பிட்டார். ரொட்டிமேலிருந்த தடையும் நீங்கியது.

மூன்று மணிக்கு நேவெங்கா தாள்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தடயமாகப் பிடித்து வைத்த முட்டை மேசைமேல் இருந்தது. யகோடா கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, துணி போட்டு மூடிய சூடான ரொட்டியை வைத்தாள். செவ்வாய்க்கு அப்புறம் இன்றுதான் நேவெங்காவின் முகத்தைப் பார்க்கிறாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சிஸ்டர், டாக்டர்தான் போயிட்டாரே, இனிமேலாவது அந்தக் கல்லைக் குடுத்துடுங்க. ஒரே இடத்துல முட்டை போடட்டும்னு எங்க கோழிக் கூட்டுல நான் வெச்சிருந்தது, பெரிய வெள்ளியன்னிக்கு இங்க சாயம் போட எங்க வீட்டுக்காரர் மத்த முட்டையோட சேத்து வாரிக் குடுத்துட்டார்."