சங்கிலியில் கட்டிய கேமரா

கும்மிடிப்பூண்டியில் இருந்த ஒரு புயல் நிவாரண அலுவலகத்தின் கேமராவுக்கு ஸ்ட்ராப் அறுந்துவிட்டது. பழவேற்காடு ஏரியில், படகில் போகும்போது. படம் பிடிக்கும் பரசுராமன் கேமராவைத் தாவிப் பிடித்துவிட்டான். அவன் தாவிய வேகத்தில் அதிகாரி சந்திரமோகனின் சாப்பாட்டுக் கேரியர்தான் ஏரியில் போனது. எனவே விஷயம் மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

‘பாதுகாப்பும் வசதியும் ஒருங்கே அமைந்த பட்டையைத் தெரிவு செய்யும் குழு’ மூன்று முறை கூடி, மூன்று முறையும் போண்டா தின்றது. கழுத்தில் மாட்டினால் கழுத்து வலிக்கிறதென்று பரசுராமன் மெடிக்கல் லீவு கேட்பான். தோளில் மாட்டினால் நழுவும். மணிக்கட்டில் கட்டினாலோ, ஆள் ஏரியில் விழுந்தால் கேமராவும் கூடவே விழுமே! ஆள் போனால் வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம். கேமராவுக்குத் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.

கடைசியில் சைக்கிள் பூட்டும் சங்கிலியால் கேமராவை மேசைக்காலில் பூட்டினார்கள்.

“பாதுகாப்பு ஆச்சு. வசதி, சார்?” என்றான் பரசுராமன்.

“தூக்கிக்கினு அலையவே வேணாம்யா. இதவிட இன்னா வசதி?” என்றார் சந்திரமோகன்.

அடேயப்பா, என்ன மூளை!

வியாழக்கிழமை மீனவப் பெண் குப்பம்மாள் பரசுராமனிடம் வந்தாள். புயலில் அவள் படகு நடுவில் பிளந்து கிடந்தது. மறுநாளுக்குள் போட்டோ சேராவிட்டால் நிவாரணம் கிடையாது, அப்புறம் பிழைப்பே போச்சு.

“செல்லுல எடுத்துக்கோ நைனா.”

“ஆபீஸ் கேமராவுல எடுத்தாதான் ஃபைல்ல ஏறும்க்கா.”

“அப்போ கேமராவ எடுத்துக்கினு வா.”

“அது வராது. படகுதான் இங்க வரணும்.”

வயிறெரியத் திட்டிக்கொண்டே போனவள், மறுநாள் மினி லாரியில் படகை ஏற்றி வந்து வாசலில் நிறுத்தினாள். சங்கிலி ஜன்னல்வரை எட்டவில்லை. படத்தில் விழுந்ததெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற சந்திரமோகனும், பக்கத்தில் குப்பம்மாளின் அழுத முகமும்தான். பரசுராமனுக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் அனுப்பிவைத்தான்.

திங்கட்கிழமை மேலிடத்து உத்தரவு வந்தது: ‘சேதம் தெளிவாகத் தெரிகிறது. நிவாரணம் அனுமதிக்கப்படுகிறது. மற்றவர்களுக்கும் கெடு ஒரு வாரம் நீட்டிக்கப்படுகிறது.’

செவ்வாய்க்கிழமை புதுவாயல் போகும் ரோடுவரை வரிசை. ஒருத்தர்கூடப் படகு கொண்டுவரவில்லை. முகத்தை மட்டும் கொண்டுவந்திருந்தார்கள். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்தவர்கள் யூனிபார்மோடு நின்றார்கள்.

மாலையில் வரிசை ஓய்ந்தது. கடலே இல்லாத வேப்பம்பட்டுக்காரனான, சொந்தமாக ஒரு துடுப்புகூட இல்லாத பரசுராமன், தலையைச் சீவிக்கொண்டு அதிகாரி பக்கத்தில் போய் நின்றான். உத்தரவு நகல் வாங்க வந்திருந்த குப்பம்மாளைக் கெஞ்சினான்.

“யக்கா, ஒரே ஒரு க்ளிக்.”

அவள் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள்.

“சிரிக்காத நைனா,” என்றாள். “படகு ஒடஞ்சவன் மாதிரி நில்லு.”