டெக்சஸ் டக்கெட் கயிறு பிடித்த கதை

"நிஜத்தில் அப்படி இல்லை" என்று சொல்வதற்காகவே மூச்சுவிடும் மனிதர்கள் ஒரு ரகம். உங்களுக்கும் இரண்டு பேரையாவது தெரிந்திருக்கும். எனக்கு வாய்த்தவர் ஆர்வில் டக்கெட்.

படங்கள் வாய் திறக்காத அந்த நாட்களில், கலிபோர்னியாவில் நாங்கள் வாரம் ஒரு கௌபாய் சிரிப்புப் படம் எடுத்துத் தள்ளினோம். கேமராவின் கைப்பிடியைச் சுற்றுவது என் வேலை. கதாநாயகன் கிளெமென்ட் டாஸ் முன்பு செருப்புக் கடையில் இருந்தவன். குதிரையைக் கண்டால் நடுங்குவான். அந்த நடுக்கத்துக்குத்தான் ஊரே சிரித்தது. டக்கெட்டோ டெக்சஸில் பதினேழு வருடம் மாடு மேய்த்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகக் குதிரை ஓட்ட வந்தவர். ஓட்டினாரா? தொப்பி அப்படி இல்லை என்றார், கயிற்று முடிச்சு அப்படி இல்லை என்றார், சுடப்பட்டு விழுந்த கொள்ளைக்காரனை எழுப்பி இடது பக்கமாகச் சாகச் சொன்னார், மத்தியானம் தட்டில் விழுந்த பீன்ஸைக்கூட டெக்சஸில் இப்படி வேகவைக்க மாட்டார்கள் என்று தள்ளிவைத்தார். பிறகு சாப்பிட்டார்.

"தம்பி, நீ குதிரைமேல உக்காரல. மூட்டை மாதிரி கெடக்குற" என்று கிளெமென்டிடம் தினமும் சொல்லிவந்தார். பத்து நாள் பொறுத்தவன், பதினோராம் நாள் செருப்புக் கடைக்கே திரும்பிவிட்டான்.

சனிக்கிழமைக்குள் படம் போகாவிட்டால் தொடர் நின்றுவிடும். எங்கள் பதினான்கு பேருக்கும் வேலை போய்விடும். டைரக்டர் லியாண்டர் புரூயிட் கத்தவில்லை. டக்கெட்டின் தோளில் கைபோட்டு, "அண்ணே, நிஜத்துல எப்படியோ, அப்படியே நீங்களே செஞ்சு காட்டிருங்க" என்றார்.

டக்கெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. மீசையை வாரிக்கொண்டு வந்து, காட்சிக்காக நிறுத்தியிருந்த கன்றுக்குட்டியை நோக்கிக் கயிற்றை வீசினார். கன்றின் கழுத்தில் கச்சிதமாக விழுந்தது. அதுவரை நிஜம்தான். அப்புறம் கன்று ஓடியது. கயிற்றை விடுவது கௌரவக் குறைச்சல் என்று டக்கெட்டும் பின்னாலேயே போனார்: முதலில் காலால், பிறகு வயிற்றால், தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்து, சமையல் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு. நான் சுற்றுவதை நிறுத்தவில்லை.

கொட்டகையில் மதியக் காட்சி. ஜனங்கள் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். டக்கெட் கல்லாய் உட்கார்ந்திருந்தார். அவமானத்தில் எழுந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். அவரோ பக்கத்து இருக்கை அம்மாளிடம் குனிந்து திரையைக் காட்டினார்.

"அந்தாளு கயித்தப் பிடிக்கிறதே தப்பும்மா. நிஜத்துல அப்படி இல்ல."

இருட்டில் அவரை யாரென்று தெரியாத அம்மாள் சொன்னாள்: "சும்மா இருங்க. இந்தப் படத்துல உருப்படியா நடிக்கிறதே அவர் ஒருத்தர்தான்."

தொடர் இன்னும் இரண்டு வருடம் ஓடியது, டக்கெட்டையே நாயகனாக வைத்து. வாராவாரம் அவர் நிஜத்தைக் காட்டினார். வாராவாரம் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, வேலை முக்கியம்.

நீங்கள் அந்த ரகமில்லை என்கிறீர்களா? சந்தோஷம். போன தடவை நீங்கள் படம் பார்க்கப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், இடைவேளைக்குப் பிறகு எந்த வரிசைக்கு மாறிப் போனார்?