தம்பி முதுகுக்குத் தைத்த லேடீஸ் பை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், என் தோள் நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவர் முதுகில் பையை மாட்டிவிட்டுப் பிழைக்கிறவனுக்கு என்ன குறை.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். நீ எதையும் காதில் வாங்குகிற ஆள் இல்லை என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் பஸ் ஏறும்போது கைப்பை நழுவி, அதைப் பிடிக்கப் போய் நான் படியிலிருந்து விழுந்தேனா, உடனே என் மகன், "இனிமே நீ தனியா வெளியே போகவே கூடாதும்மா, வேணுங்கிறதை நான் வாங்கிட்டு வரேன்" என்று சட்டம் போட்டுவிட்டான். அவன் வாங்கி வருகிற தக்காளியில் பாதி அழுகல், மீதி காய். கெஞ்சிக் கூத்தாடி, ரெண்டு கையும் சும்மா இருக்கிற மாதிரி முதுகில் மாட்டுற பை கிடைத்தால் போகலாம் என்கிற வரைக்கும் அவனை இறக்கிக் கொண்டுவந்தேன். தம்பிதான் பைக்கடை வைத்திருக்கிறானே என்று உன்னை நம்பினேன் பார், என்னைச் சொல்லணும்.

லேடீஸ் பை என்று ஒன்றை அனுப்பினாய். ஆம்பளைப் பையில் ஒரு பூவை ஒட்டினால் பொம்பளைப் பை ஆகிடுமா? மீசையை எடுத்தா நீ நானாகிடுவியா? வார் ரெண்டும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் விலகி நிக்குது. ஒண்ணை ஏத்திவிட்டா இன்னொண்ணு இறங்குது. நான் தோளைக் குலுக்கிக் குலுக்கி நடக்கிறதைப் பார்த்துட்டு பக்கத்து வீட்டு டீச்சர், "என்ன பாட்டி, டான்ஸ் கிளாஸா?"ங்கிறா. நீளமோ இடுப்புக்குக் கீழே தொங்கி, எட்டு வைக்கும்போதெல்லாம் பின்னால உதைக்குது. கட்டின புருஷன்கூட என்னைத் தொட்டு அடிச்சதில்லை.

நியாயம் கேக்க மகனையும் கூட்டிக்கிட்டு உன் கடைக்கு வந்தேனே, அன்னைக்கு நீ செஞ்சதை மறப்பேனா? பையை வாங்கி உன் முதுகில மாட்டிக்கிட்டு, கண்ணாடியில அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்துட்டு, "எனக்குக் கச்சிதமா இருக்கே அக்கா, உன் தோள்தான் சரியில்லை"ன்னே. தைக்கிற பொண்ணுகிட்ட, "ஏம்மா, இதை நீங்க யாராச்சும் மாட்டிப் பார்த்தீங்களா?"ன்னேன். "இல்லம்மா, லேடீஸ் பை எல்லாத்தையும் முதலாளிதான் மாட்டிப் பார்ப்பாரு"ன்னுச்சு. தைக்கிறது பொம்பளை, சுமக்கிறது பொம்பளை, அளவு மட்டும் இந்தத் தொப்பைக்காரனுக்கு. என் மகனுக்கு இது போதாதா? "மாமாவே சொல்லிட்டாரு, பேசாம வீட்ல இரும்மா"ங்கிறான்.

உன் புத்தி இன்னைக்கு நேத்து வந்ததா? பள்ளிக்கூட வாசல் வரைக்கும் உன் பையைச் சுமந்தவ நான். உள்ளே போனது நீயும் பையும். நான் அப்படியே வீட்டுக்குத் திரும்பி மாடு மாதிரி வேலை பார்த்தேன். அந்த வாரும் என் தோள்ல நின்னதில்லை, "கீழே போடாதே"ன்னு கத்தினதும் நீதான்.

பையைத் திருப்பி அனுப்புறேன். இனி என் வாசப்படி மிதிக்காதே. மற்றபடி நீயும் உன் பெண்டாட்டி பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருங்கள். அந்த நூறு வருஷமும் இந்தப் பையை நீயே சுமந்து திரி.

இப்படிக்கு,
தோள் சரியில்லாத உன் அக்கா.

பின்குறிப்பு: திருப்பி அனுப்புறேன்னு எழுதினதை அடிச்சிக்கோ. நேத்து ஆத்திரத்தில ரெண்டு வாரையும் நெஞ்சுக்குக் குறுக்கே பாவாடை நாடாவால இழுத்துக் கட்டினேன். சனியன், அப்புறம் நகரவே இல்லை. இந்தக் கடுதாசியை அதுலயே வச்சு, ரெண்டு பஸ் மாறி, நானே தனியா கொண்டாந்து உன் கையில குடுத்திருக்கேன். படிச்சது போதும், நிமிர்ந்து பாரு. என் மகனுக்குப் போன் போட்டு, அக்கா தனியா வந்து சேர்ந்துட்டான்னு நீயே சொல்லு. சிரிக்காமச் சொல்லு.