கலர் அண்ணை எடுத்த கூறைச் சிவப்பு

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோத் தமிழரை அசையாமல் நிற்கவைக்கத் தெரிந்த ஒரே மனிதர் கலர் அண்ணைதான். எங்கள் மாடிக் கட்டடத்தில் அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. ஊரெல்லாம் வீடியோவுக்கு மாறிய பிறகும், கலர் பிலிம் பிறப்பதற்கு முந்திய வித்தை ஒன்றை விடாமல் பரிசோதித்துக்கொண்டிருந்தார். கறுப்பு வெள்ளை ரீல் கமராவுக்கு முன்னால் ஒரு சக்கரம் சுழலும். அதில் பாதி சிவப்புக் கண்ணாடி, பாதி பச்சை. படம் போடும்போதும் அதேபோலச் சக்கரம் சுழன்றால் கலர் தெரியும். யாராவது அசைந்தால் மட்டும் ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையுமாய்ப் பிரிந்துவிடும்.

என் கல்யாணத்தன்று வீடியோக்காரர் பிறம்ரன் நகரிலிருந்து வரும் வழியில் பனியில் மாட்டிக்கொண்டார். ஊரிலிருந்த மாமிக்கு, என் மனைவியின் அம்மாவுக்கு, விசா கிடைக்கவில்லை. மகளைச் சிவப்புக் கூறைச் சேலையோடு பார்க்க அவருக்கு அந்தப் படத்தை விட்டால் வழியில்லை. விருந்துக்கு வந்திருந்த கலர் அண்ணை வீட்டுக்கு ஓடிப்போய்க் கமராவும் சக்கரமுமாய் வந்தார்.

“ஒருத்தரும் ஆடாதேங்கோ! ஐயா, மணியை மெல்ல ஆட்டுங்கோ!”

சனம் வாழ்த்தித் தூவவிருந்த அறுகரிசியைக் கைக்குள் பொத்திக்கொண்டு சிலையாய் நின்றது. நான் பயந்து பயந்து தாலியைக் கட்டி முடித்தேன்.

“தம்பி, சக்கரம் நிண்டுபோச்சு. ஒருக்கா அவிட்டுப்போட்டுத் திருப்பிக் கட்டுவியளோ?”

“உந்த ஆளை ஆராவது வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ!” என்று ஐயர் கத்தினார்.

அண்ணை அசரவில்லை. சக்கரத்தைத் தட்டிச் சுழலவிட்டு, என் மனைவியிடம் சொன்னார்: “பிள்ளை, அம்மாவைப் பாக்கிற மாதிரிக் கமராவைப் பார். ஆடாதை.”

அந்த ரீலை அவர் எங்களுக்குக்கூடக் காட்டவில்லை. “முதல் அம்மா பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். அதில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த வருடம் ஒருவழியாக விசா கிடைத்து மாமி வந்தார். சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி, அண்ணை படத்தைப் போட்டார்.

“ஐயோ! ஏன் பிள்ளைக்குப் பச்சைக் கூறை எடுத்தனியள்?” மாமி பதறினார்.

“பொறுங்கோ அக்கா, சக்கரம் பாதிச் சுற்றுப் பிந்திப்போச்சு!”

சரிசெய்து மறுபடி போட்டார். கூறை நல்ல சிவப்பாய் வந்தது. அசைந்த என் கைகளுக்குச் சிவப்பும் பச்சையுமாய் வால் முளைத்திருந்தது. பக்கத்தில் என் மனைவி மட்டும் துளிகூட அசையாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமி எழுந்துபோய்த் துணியில் மகளின் கன்னத்தைத் தடவினார். “என்னைத்தான் பாக்கிறாள்.”

படத்துக்கு முன்னால் குழந்தை தவழ்ந்தாலும் சத்தம் போடுகிற மனிதர், அன்று மாமி துணியை மறைத்து நின்றும் ரீல் ஓடி முடியும்வரை சக்கரத்தை ஓடவிட்டபடி நின்றார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவரை நிரம்பப் பிடித்துப்போனது.