உன் நாயைத் திருப்பி அழைத்துக்கொள்வது பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பெரிய தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் முறை என்பதால் எழுதிவிட்டேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் போகப் போகப் பார். அத்தானுக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம், நீ அனுப்பிய நாய். மனைவி காலமான பிறகு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரோ உன்னிடம் சொல்ல, நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை வண்டியேற்றி அனுப்பிவிட்டாய். "எதை வீசினாலும் ஓடிப்போய் எடுத்துட்டு வந்து கையில குடுக்கிற ஜாதிடா" என்று போனில் வேறு சொன்னாய். அந்த விவரத்தை நாயிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பந்தை வீசினேன். அது பந்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, 'வேண்டாம் என்றுதானே எறிந்தாய்' என்பது போலப் படுத்துக்கொண்டது. நானே போய் எடுத்துவந்தேன். மறுபடி வீசினேன், மறுபடி நானே எடுத்தேன். சில நாள் கழித்து மனசு வந்து ஓடிக் கவ்வியது. கவ்வியதோடு சரி, கொடுக்கவில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, தூங்குவதுபோல் நடித்தவன், கழிவறையில் ஒளிந்தவன் எல்லோரிடமும் கை நீட்டி வாங்கியவன் நான். ஒரு நாயின் வாயிலிருந்து ரப்பர் பந்தை வாங்க முடியவில்லை என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்!

நாய் பழக்குகிற ஆள் ஒருவரை வரவழைத்தேன். "நீங்க அது பின்னாடி ஓடாதீங்க சார். அது கவ்வின உடனே நீங்க எதிர்ப்பக்கம் திரும்பி ஓடுங்க, தானா உங்க பின்னாடி வரும். கிட்ட வந்ததும் இன்னொரு பந்தைக் காட்டுங்க, வாயில இருக்கறதை விட்டுடும்" என்றார். சொன்னபடியே மறுநாள் காலை தெருவில் பந்தை வீசிவிட்டு, இந்த வயசில், எதிர்ப்பக்கம் ஓடினேன். நாயும் ஆசையாகத்தான் பின்னால் வந்தது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? "ஐயோ, சாரை நாய் தொரத்துது!" என்று கோடி வீட்டு அம்மாள் ஒரு வாளித் தண்ணீரை வீச, நாய் நகர்ந்துகொண்டது, நான் நனைந்தேன். அவர்கள் வீட்டு டிரைவர் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கேட்டைச் சாத்தினார். இழுத்த வேகத்தில் முழங்கால் போயிற்று. நான் உள்ளே ஈரத்தில் உட்கார்ந்திருக்க, நாய் கேட்டுக்கு வெளியே பந்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வாலை ஆட்டியது. அது பந்தை விட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். விடாமல் பழக்கினேன், அதன் பலன்தான் அடுத்த கூத்து. வீட்டைப் பிரித்துக்கொண்டு நான் கீழேயும் நம் தம்பி சின்னவன் மாடியிலுமாக இருப்பதும், மாடிப்படி விளக்கு யார் மீட்டரில் எரிய வேண்டும் என்று பேச்சு வந்து பேச்சே நின்றுபோனதும் உனக்குத் தெரியும். நாய்க்குத் தெரியாதே. ஒருநாள் மாடியிலிருந்து அவன் பனியனைக் கவ்வி வந்து என் மடியில் போட்டது. இன்னொரு நாள் சவரப் பிரஷ். அப்புறம் ஒற்றைச் செருப்பு. நான் மேலே போவேனா? அதன் வாயிலேயே திணித்து, "போ, குடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பினேன். மேலேயிருந்து சத்தம் வரும்: "நாயே, உங்க வீட்டுக்காரருக்குக் கால் இல்லியா? எல்லாத்துக்கும் நீயேதான் வரணுமா?" நான் கீழேயிருந்து, "நாயே, கதவைச் சாத்தி வெச்சுக்கத் தெரியாதவங்களோட நமக்கென்ன பேச்சு? இறங்கி வா" என்பேன். இப்படி எங்கள் சண்டையையும் நாய்தான் சுமந்தது.

போன வாரம் அது ஒரு மாத்திரைப் பட்டையோடு வந்தது. எல்லாக் குழியும் காலி. தின்றுதான் தொலைத்துவிட்டது என்று பதறி, முழங்கால் வலியையும் பார்க்காமல் மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாய்க்கு ஏதாவது ஆயிடுமா?" என்றேன்.

"நாயை விடுங்க சார். இது கேன்சருக்கு மருந்து ஏத்திக்கறவங்களுக்கு வாந்தி நிக்கறதுக்குக் குடுக்கறது. உங்க வீட்டுல யாருக்கு?"

"எங்க வீட்டுல யாருக்கும் இல்லியே" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சின்னவனுடைய கம்பளித் தொப்பி ஞாபகம் வந்துவிட்டது. கொளுத்துகிற வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அவன் படியிறங்கிப் போனபோது, இந்த வயசில் என்ன அலங்காரம் என்று ஜன்னலுக்குள்ளிருந்து சிரித்தேன் அக்கா.

மாடி ஏறினேன். கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்தான், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. பாதியாகியிருந்தான்.

"நாய்க்கு ஒண்ணும் ஆகலியே?" என்றான்.

"எப்படிடா ஆஸ்பத்திரிக்குப் போற?"

"பஸ்ல."

"திரும்பி வரும்போது?"

"வரும்போதும் பஸ்தான். கையில வாந்திக்கு ஒரு பையை வெச்சுக்குவேன். பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க, காலை நீட்டிக்கலாம்."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

வாளியைக் கழுவி வைத்தேன். அவன் தூங்கும்வரை உட்கார்ந்திருந்தேன், தூங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை, தேறிவிடும் என்றுதான் சொல்லியிருக்கிறாராம். உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். ஆகவே நான் நாயைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன், மற்றதை நீ படிக்கவில்லை. வரவும் வேண்டாம். நாயை அழைத்துப்போக மட்டும் ஆள் அனுப்பு. அவனைப் பார்ப்பேனா, அதைப் பார்ப்பேனா? ஆனாலும் மாடி வரை போய்ச் சரியான பொருளைக் கண்டெடுத்து வந்தது என்றால், நான் பழக்கிய பழக்கம் வீண்போகவில்லை என்று அத்தானிடம் சொல்லு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் பெரிய தம்பி

பின்குறிப்பு: அக்கா, இது சின்னவன். அண்ணன் ஸ்டாம்பு வாங்கப் போயிருக்கான், உறையை இன்னும் ஒட்டலை. நாய் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லாத்தையும் நான்தான் அதன் வாயில் வெச்சு அனுப்பினேன். பனியன் அனுப்பினேன், அண்ணன் வரலை. செருப்பு அனுப்பினேன், அப்பவும் வரலை. அப்புறம் வேற என்னத்தை அனுப்புவேன்? இதை அவன்கிட்ட சொல்லிடாதே, தான் பழக்கினதுன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டிருக்கான். நாய்க்கு ஆள் அனுப்ப வேண்டாம். தேறிடும்னு டாக்டர் சொல்லவே இல்லை, வேற மாதிரிதான் சொன்னார். அண்ணன் இப்ப என் கட்டில் பக்கத்தில்தான் படுக்கிறான், அவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. நீ வா அக்கா. வந்து நீ சொல்லு.