தீவனத்தொட்டிப் பெரும்போர்

போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையிலே ஓயாது உருளும் கன்வேயரை இரு கரத்தால் அடக்கியாளும் வீரனே, நைட் ஷிப்டுக்கும் நடுங்காத நெஞ்சினனே, அற்புதமேரியின் கணவனே, ஜான்பீட்டரே, நீ வாழி. உன் புகழ் பாடப் புகுந்த எமக்குச் சொல் வற்றாதிருக்கட்டும்.

முந்தின நாள் மழையில் ஒழுகிய தொழுவத்திலே வழுக்கி விழுந்து அற்புதமேரியின் வலக்கை மாவுக்கட்டுக்குள் சிறைபுகுந்தமையால், பால் கறக்கும் பெரும்பணி அன்று காலை அவ்வீரன் தோளில் வந்து இறங்கியது. எதிரே மலையென நின்றாள், பாற்கடலை மடியில் சுமந்த பசு ரோசி. தொட்டியில் தீவனம் விழுந்தாலன்றிச் சொட்டுப் பாலும் இறக்காத கொள்கையினள். அத்தொட்டியிலோ, முட்டைகளைச் சிறகால் மூடி, செங்கண் உருட்டி, கோட்டை காக்கும் அரசியென அமர்ந்திருந்தது ஓர் அடைக்கோழி. அடைக்கூடை நனைந்துவிட்டதென்று இரக்கப்பட்டு, இரவில் முட்டைகளை அங்கே குடியேற்றியவன் நம் வீரனே.

"கைய வெச்சா கொத்துங்க" என்றாள் வாசலில் நின்ற அற்புதமேரி. "அதுக்காகக் கறக்காம உட்றாதீங்க, மடி வீங்கிப்புடும்."

"பஸ்ஸு வர்ற நேரத்துல இது வேற" என்றான்.

வெறுங்கை நீட்டினான், குருதி கண்டான். இல்லம் புகுந்து, பைக் ஹெல்மெட்டை மகுடமெனச் சூடி, கம்பெனிக் கையுறை பூண்டு, தவிட்டுச் சாக்கைக் கேடயமென ஏந்தி, மதகரிமேற் பாயும் அரிமாவென மீண்டான்.

கோழி அஞ்சவில்லை. அஞ்சியவள் ரோசி. முகமற்ற அக்கருந்தலையைக் கண்டு மருண்டு அவள் உதைத்த உதையில் பால்வாளி விண்ணேகி எருக்குழி சேர்ந்தது.

"மொதல்ல அந்த ஹெல்மெட்டக் கழட்டுங்க. மாடு மெரளுது பாருங்க."

கழற்றினான். கழற்றியதைக் கையில் வைத்து ஒரு கணம் நோக்கினான். பின்னர் அதை வைக்கோல்மேல் மல்லாத்தி வைத்து, காதிலும் பிடரியிலும் கோழியின் கொத்துகள் அம்புமாரியாய்ப் பொழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, முட்டைகளை ஒவ்வொன்றாய் எடுத்து அதனுள் அடுக்கினான். கடைசி முட்டையும் இடம்பெயர்ந்ததும் போர் நின்றது. கோழி இறங்கியது, ஹெல்மெட்டுக்குள் ஏறியது, கண்ணை மூடியது.

தொட்டியில் தீவனம் விழுந்தது. வாளி கழுவப்பட்டு வந்தது. ரோசி மனமிரங்கினாள். வெள்ளருவி வீழ்ந்து வாளியில் முழங்கிய அவ்வேளையில்தான் சாலையிலே கம்பெனிப் பேருந்தின் போர்ச்சங்கு ஒலித்தது. நடுவில் எழுந்தால் எஞ்சிய பாலை அவள் இழுத்துக்கொள்வாள் என்பதை உணர்ந்த அச்செம்மல், நெற்றியை அவள் வயிற்றில் அழுத்தியவாறு கறந்துகொண்டே இருந்தான். சங்கு மறுபடி ஒலித்தது, தேய்ந்தது, அடங்கியது. காம்புகள் தளர்ந்தபின் வாளியோடு எழுந்த அவன் முகத்திலே, நாடு வென்ற மன்னர்க்கும் வாய்க்காத நிறைவு நின்றது.

"பஸ்ஸு போயிடுச்சுங்க" என்றாள் அற்புதமேரி. "பைக்குல போறீங்களா?"

வைக்கோல்மேல், ஹெல்மெட்டுக்குள் துயிலும் கோழியை அவன் பார்த்தான்.

சூப்பர்வைசருக்கு வயிற்றுவலி என்று மெசேஜ் போட்டான்.